வீட்டிலேயே நேர்த்தியாக மேக்கப் போட்டுக்கொள்ள: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கைகள், தோழிகள், கூட வேலை செய்கிறவர்கள் என்று பல வருடங்களாக என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மேக்கப் என் தொழில் கிடையாது. ஆனால் கிட்டத்தட்ட தினமும் எனக்கு நானே போட்டுக்கொள்கிறேன், தெரிந்தவர்கள் யாராவது எங்கேயாவது கிளம்பினால் அவர்களுக்கும் போட்டுவிடுகிறேன், அப்படிப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் இது. எந்தக் கேள்வியில் ஆரம்பித்தாலும் நான் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருவேன்: கொஞ்சமாக எடுங்கள், மெல்லிசாகப் போடுங்கள், ஓரங்களைக் கலந்துவிடுங்கள், போதவில்லை என்றால் அந்த இடத்தில் மட்டும் இன்னொரு முறை.

நான் போட்டால் மட்டும் ஏன் அப்பிய மாதிரி தெரிகிறது?

பெரும்பாலும் அளவுதான் காரணம், அதற்கு அடுத்தது வறண்ட தோல். ஒரு நாள் காலையில் தோழி ஒருத்தி அவசரமாக வந்து, "முகத்துல மாவு பூசின மாதிரி இருக்கு, என்னன்னு பாரேன்" என்றாள். ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்திப் பார்த்தேன். கன்னம் நன்றாகத்தான் இருந்தது. மூக்கின் இரண்டு பக்க மடிப்பிலும் ஃபவுண்டேஷன், அதாவது முகத்தின் நிறத்தைச் சீராக்கப் பூசுவது, தடித்து நின்றது, மூக்கு நுனியில் தோல் பொடிப்பொடியாக உரிந்து அதன் மேல் நிறம் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று பம்ப் எடுத்து முகம் முழுக்க ஒரே சீராகத் தேய்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மாய்ஸ்சரைசர் போட்டு ஐந்து நிமிடம் உட்கார வைத்தேன். அப்புறம் ஒரே ஒரு பம்ப், அதையும் புறங்கையில் வைத்துக்கொண்டு அங்கிருந்து துளித்துளியாக எடுத்து, மூக்கைச் சுற்றி ஆரம்பித்து வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனேன். தாடை ஓரத்துக்கு வரும்போது பிரஷ்ஷில் ஏறக்குறைய ஒன்றுமே மிச்சமில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் நிற வேறுபாடு அதிகம் தெரிவது மூக்கு, வாய், கண்ணுக்குக் கீழே என்று முகத்தின் நடுவில்தான்; ஓரங்களுக்குப் பல பேருக்கு எதுவுமே தேவைப்படாது.

முழு முகத்தையும் ஒரே நிறமாக்கப் பார்க்காதீர்கள். தோல் தோலாகத் தெரியட்டும், உறுத்துகிற இடத்தை மட்டும் சரிசெய்யுங்கள்.

எந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து போட வேண்டும்?

இதை யாரும் முதலில் கேட்பதில்லை, ஆனால் பாதிப் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. பகல் என்றால் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், வெளிச்சம் நேராக முகத்தில் விழ வேண்டும். ஜன்னல் ஒரு பக்கமாக இருந்தால் ஒரு கன்னத்துக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போட்டுவிடுவோம். தலைக்கு மேலே எரிகிற விளக்கு மட்டும் இருந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். அந்த நிழலைக் கருவளையம் என்று நினைத்து, கருமையை மறைக்கும் கன்சீலரை மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே இருப்போம். மஞ்சள் பல்ப், கன்னத்துக்குப் போடும் ப்ளஷ்ஷையும் லிப்ஸ்டிக்கையும் மங்கலாகக் காட்டும், வெளியே வந்ததும் அவை திகுதிகுவென்று தெரியும். இரவில் போட வேண்டியிருந்தால் 5000 கெல்வின் வாக்கில் உள்ள வெள்ளை விளக்கு, அட்டையில் நிறத்துல்லிய எண், அதாவது சிஆர்ஐ, 90-க்கு மேல் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கி, முகத்துக்கு நேராக வையுங்கள். விலை உயர்ந்த ஃபவுண்டேஷனை விட இந்த ஒரு விளக்கு அதிகம் உதவும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மேக்கப்புக்கு முன்னால் முகத்தை எப்படித் தயார் செய்வது?

கழுவுங்கள், லேசாக ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்சரைசர், அது தோலுக்குள் இறங்க ஐந்து நிமிடம், பிறகு சன்ஸ்கிரீன், அதற்கும் சில நிமிடம். உதட்டுக்கு லிப் பாம் அப்போதே தடவிவிடுங்கள், லிப்ஸ்டிக் நேரம் வரும்போது உதடு மெத்தென்று ஆகியிருக்கும். காத்திருக்கிற நேரத்தில் தலை வாரலாம், உடை எடுத்து வைக்கலாம்.

எண்ணெய் வழிகிற முகம் என்பதால் மாய்ஸ்சரைசர் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். எண்ணெய் வேறு, நீர்ச்சத்து வேறு. ஜெல் மாதிரி இலகுவானதாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபவுண்டேஷன் போடும்போது அழுக்கு உருளுவது மாதிரி உருண்டு உருண்டு வருகிறதே?

கீழே இருக்கிற அடுக்கு காய்வதற்குள் அடுத்ததைப் போட்டுத் தேய்த்திருப்பீர்கள், அல்லது கீழே போட்டது அளவுக்கு அதிகம். சில சமயம் இரண்டு பொருட்கள் ஒன்றுக்கொன்று சேராது, உதாரணமாக நிறைய சிலிகோன் உள்ள ப்ரைமருக்கு (ஃபவுண்டேஷனுக்கு அடியில் தடவுவது) மேல் தண்ணீர் அதிகமுள்ள ஃபவுண்டேஷன். இரண்டையும் புறங்கையில் ஒன்றன் மேல் ஒன்றாகத் தடவிப் பாருங்கள், அங்கே திரிந்தால் முகத்திலும் திரியும். தேய்ப்பதை விட்டுவிட்டு ஒற்றி ஒற்றிப் போட்டாலே பாதி சரியாகிவிடும்.

ஃபவுண்டேஷனிலேயே எஸ்பிஎஃப் இருக்கிறது, சன்ஸ்கிரீன் தனியாக வேண்டுமா?

வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப், அதாவது வெயில் பாதுகாப்பு எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற கணக்கில் தடவிச் சோதித்து வந்தது. அவ்வளவு ஃபவுண்டேஷனை முகத்தில் போட்டால் முகமூடி மாதிரி இருக்கும், யாரும் போடுவதில்லை, அதனால் அந்தப் பாதுகாப்பும் முழுதாகக் கிடைப்பதில்லை. சரியான அளவில் போட்டால் எஸ்பிஎஃப் 30, வெயிலில் தோலைச் சுடும் யுவிபி கதிர்களில் சுமார் 97 சதவீதத்தையும், 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கும். எனவே எண்ணைத் துரத்துவதை விட, தாராளமாகத் தடவுவதும், வெயிலில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் போடுவதும்தான் முக்கியம்.

ப்ரைமர் கட்டாயமா?

இல்லை. மூக்கு, கன்னத்தில் துவாரங்கள் பெரிதாகத் தெரிந்தால் அங்கே மட்டும் கொஞ்சம் அழுத்தித் தடவலாம். மற்றபடி நல்ல மாய்ஸ்சரைசரே போதும்.

என் நிறத்துக்குச் சரியான ஃபவுண்டேஷனை எப்படிக் கண்டுபிடிப்பது?

என்னுடைய முதல் ஃபவுண்டேஷனைக் கடையின் மஞ்சள் வெளிச்சத்தில், புறங்கையில் தடவிப் பார்த்து, விற்பனையாளர் "இன்னும் ஒரு ஷேடு லைட்டா எடுத்துக்கோங்க, பளிச்சுன்னு இருக்கும்" என்று சொன்னதைக் கேட்டு வாங்கினேன். வீட்டில் பரவாயில்லை என்றுதான் தோன்றியது. இரண்டு நாள் கழித்து மொட்டை மாடியில் எடுத்த குழுப் புகைப்படத்தில் என் முகம் மட்டும் சாம்பல் பூத்திருந்தது, கழுத்து வேறு யாருடையதோ மாதிரி தனியாகத் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்றால் பிரச்சினை என் நிறத்தில் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். பாட்டிலில்தான் பிரச்சினை என்று புரிய ரொம்ப நாள் ஆனது. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

புறங்கையும் முகமும் ஒரே நிறமாக இருப்பதில்லை. தாடை எலும்பு ஓரத்தில், கழுத்தின் பக்கம் இறங்குகிற மாதிரி, மூன்று ஷேடுகளைக் கோடு கோடாகப் போடுங்கள். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. உடனே வாங்கிவிடாதீர்கள், பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள், பல ஃபவுண்டேஷன்கள் காய்ந்த பிறகு ஒரு படி கருத்துவிடும்.

அடுத்தது அண்டர்டோன், அதாவது தோலின் அடியில் தெரிகிற சாயல். இரண்டு பேர் ஒரே அளவு மாநிறமாக இருந்தாலும் ஒருவருக்கு மஞ்சள் சாயல், இன்னொருவருக்குச் சிவப்புச் சாயல், சிலருக்கு லேசான பச்சை கலந்த ஆலிவ் சாயல் இருக்கும். ஷேடு சரியாக இருந்தும் முகம் ஆரஞ்சாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் இந்தச் சாயல்தான் பொருந்தவில்லை என்று அர்த்தம். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வார்கள், கருத்த தோலில் அது சரியாகத் தெரியாது, அதை நம்ப வேண்டாம். கோடு போட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

கருத்த நிறத்துக்கு ஃபவுண்டேஷனே கிடைப்பதில்லை என்ற குறை நெடுங்காலமாக நியாயமானதுதான். 2017-இல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி ஒரே ஃபவுண்டேஷனை 40 ஷேடுகளில் கொண்டுவந்த பிறகு பல கம்பெனிகள் தங்கள் வரிசையை நீட்டின. இன்று தேடினால் கிடைக்கும். கிடைக்கும் வரை தேடுங்கள், "லைட்டா எடுத்துக்கோங்க" என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். இரண்டு ஷேடுகளுக்கு நடுவில் இருக்கிறீர்கள் என்றால் இரண்டையும் வாங்கிக் கலந்துகொள்வதில் தப்பே இல்லை.

கையால் போடலாமா? பிரஷ்ஷா, ஸ்பாஞ்சா?

மூன்றும் சரிதான். விரல் சூட்டில் க்ரீம் இளகி நன்றாகப் படியும், மெல்லிய ஃபவுண்டேஷனுக்கும் கண்ணுக்குக் கீழே போடும் கன்சீலருக்கும் மோதிர விரலை நான் அதிகம் பயன்படுத்துகிறேன். பிரஷ் இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக மூடும், கோடு விழாமல் இருக்கக் கடைசியில் ஸ்பாஞ்சால் ஒற்றிவிடுங்கள். ஸ்பாஞ்சை உலர்ந்தபடி பயன்படுத்தாதீர்கள். தண்ணீரில் முக்கி, அது ஊதிப் பெரிதானதும் நன்றாகப் பிழிந்து, ஒரு துண்டில் சுற்றி இன்னொரு முறை பிழிந்து, தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. அதை வைத்துத் தேய்க்காமல், இழுக்காமல், தட்டித் தட்டி எடுத்தால் அதிகமாக இருப்பதை அதுவே உறிஞ்சிக்கொள்ளும்.

கருவளையம் எவ்வளவு கன்சீலர் போட்டாலும் மறையவில்லை, என்ன செய்வது?

முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். சிலருக்கு அந்த இடத்தில் நிறமியே அதிகம், பழுப்பாக இருக்கும். சிலருக்கு மெல்லிய தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் தெரிந்து நீலம் அல்லது ஊதா பாய்ந்திருக்கும். சிலருக்கு அந்த இடம் குழிந்திருப்பதால் விழுகிற நிழல். கண்ணாடி முன் தலையை நிமிர்த்தி வெளிச்சத்தைப் பாருங்கள், கருமை குறைந்தால் அது நிழல். நிழலை எந்தக் கன்சீலரும் முழுதாக மறைக்காது, அங்கே கன்சீலரை ஏற்ற ஏற்ற கண் இன்னும் களைத்துத்தான் தெரியும். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு, மெல்லிசாக ஒரு அடுக்கோடு விட்டுவிடுங்கள்.

நீலம், ஊதா, பழுப்பு என்றால் நேராகக் கன்சீலர் போட்டதும் சாம்பல் நிறமாகிவிடும். அதற்கு முன்னால் கலர் கரெக்டர் வேண்டும். நிறச் சக்கரத்தில் நீலத்துக்கு எதிரே இருப்பது ஆரஞ்சு, அது நீலத்தை அடித்துவிடும். வெளுத்த நிறத்துக்குப் பீச், மாநிறத்துக்கு ஆரஞ்சு, நல்ல கருத்த நிறத்துக்குச் சிவப்பு கலந்த ஆரஞ்சு. எள்ளளவுதான் எடுக்க வேண்டும். கருமை அதிகமாக இருக்கிற இடத்தில், பொதுவாக மூக்கை ஒட்டிய உள் மூலையில், வைத்து மோதிர விரலால் தட்டுங்கள். அதன் மேல் உங்கள் நிறத்திலேயோ ஒரே ஒரு படி வெளுப்பாகவோ கன்சீலர். மூன்று படி வெளுத்த கன்சீலரை முக்கோணமாகத் தீட்டுவதைப் பார்த்துச் செய்யாதீர்கள், அது கேமராவுக்கும் பெரிய விளக்குகளுக்கும் செய்வது, எதிரில் நின்று பேசுகிறவருக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளையாகத்தான் தெரியும்.

போட்டதும் மேலே பார்த்துக்கொண்டு, கண்ணுக்குக் கீழே கோட்டில் சேர்ந்திருப்பதை விரலால் ஒற்றி எடுத்துவிட்டு, அந்த நொடியிலேயே சிறிய பிரஷ்ஷால் பவுடரைத் தொட்டு வையுங்கள். கோடு விழுந்த பிறகு பவுடர் போட்டால் அந்தக் கோடு அப்படியே நின்றுவிடும்.

பருவையும் தழும்பையும் மறைப்பது எப்படி?

சின்ன, கூர்மையான பிரஷ்ஷால் அதன் மேல் மட்டும் கன்சீலர் வைத்து, அரை நிமிடம் தொடாமல் விடுங்கள். அப்புறம் நடுவைத் தொடாமல் ஓரத்தை மட்டும் தட்டிக் கலந்துவிடுங்கள். நடுவைத் தட்டினால் போட்டது விரலோடு வந்துவிடும். சிவந்த பருவுக்கு அடியில் பச்சைக் கரெக்டர் வெளுத்த நிறத்தில் வேலை செய்யும், கருத்த நிறத்தில் பச்சை சாம்பலாகத் தெரியும், பரு போன பழுப்புத் தழும்புக்கு ஆரஞ்சுதான் பொருந்தும். புடைப்பின் நிறத்தை மறைக்கலாம், மேட்டை மறைக்க முடியாது. ஒரு கை தூரத்தில் நின்று பார்த்தால் தெரியவில்லையா, போதும்.

பவுடர் போட்டால் போட்டோவில் முகம் வெள்ளையாக விழுகிறது, ஏன்?

நிறமில்லாத லூஸ் பவுடர் பலவற்றில் சிலிகா இருக்கும். நேரில் தெரியாது, ஃப்ளாஷ் பட்டால் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீனும் இப்படிச் செய்யலாம். கிளம்புவதற்கு முன் விளக்கை அணைத்துவிட்டு ஃபோன் ஃப்ளாஷில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் ஈர ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள், அடுத்த முறை உங்கள் நிறத்திலேயே உள்ள பவுடரை எடுங்கள். எப்படியானாலும் நெற்றி நடு, மூக்கு, மூக்கின் ஓரம், மோவாய் தவிர வேறெங்கும் பவுடர் அதிகம் வேண்டாம். வயது கூடக் கூட இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள், சிரிப்புக் கோடுகளில் முதலில் போய்ச் சேர்வது பவுடர்தான்.

ப்ளஷ் எங்கே போடுவது? கான்டூர் வேண்டுமா?

கன்னத்தின் மேடு, அங்கிருந்து மேல்நோக்கிக் காதுப் பக்கம். மூக்குக்கு ரொம்பக் கிட்டே வேண்டாம், மூக்கு நுனிக்குக் கீழே இறங்கவும் வேண்டாம், இறங்கினால் முகம் தொங்கினாற்போல் தெரியும். நிறம் தேர்ந்தெடுக்கப் பயப்படாதீர்கள்: கருத்த நிறத்தில் வெளிர் ரோஸ் சுண்ணாம்பு மாதிரி நிற்கும், டப்பாவில் பார்த்தால் பயமாக இருக்கிற அடர் ரோஸ், செங்கல் சிவப்பு, ஊதா கலந்த சிவப்பு இவைதான் முகத்தில் உண்மையான சிவப்பாக மாறும். பிரஷ்ஷைத் தொட்டதும் ஒரு முறை தட்டி உதறிவிட்டுப் போடுங்கள். அதிகமாகிவிட்டால் துடைக்க வேண்டாம், ஃபவுண்டேஷன் போட்ட அதே ஸ்பாஞ்சால் மேலே ஒற்றுங்கள், அடங்கிவிடும்.

க்ரீம் ப்ளஷ் என்றால் பவுடருக்கு முன்னால், பவுடர் ப்ளஷ் என்றால் பவுடருக்குப் பின்னால். பவுடர் மேல் க்ரீம் போட்டால் திட்டுத் திட்டாகும்.

கான்டூர், அதாவது முகத்தைச் செதுக்கினாற்போல் காட்டப் போடும் அடர் நிழல், தினசரிக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. போட வேண்டும் என்று ஆசையாக இருந்தால் சாம்பல் கலந்த பழுப்பில், உங்களை விட ஒன்றிரண்டு படி மட்டும் அடர்த்தியாக.

புருவம் வரைந்தால் ஒட்ட வைத்த மாதிரி இருக்கிறது.

பென்சிலால் ஒரே கோடாக வரைகிறீர்கள். முடி எந்தப் பக்கம் வளர்கிறதோ அந்தப் பக்கமாக, முடியளவு மெல்லிய சின்னச் சின்னக் கோடுகளாக, இடைவெளி உள்ள இடத்தில் மட்டும் வரையுங்கள். மூக்கை ஒட்டிய ஆரம்பப் பகுதியில் கை வைக்காமல் நடுவிலிருந்தும் வால் பகுதியிலிருந்தும் தொடங்கி, பென்சிலில் மிச்சமிருப்பதை முன்பக்கம் கொண்டு வாருங்கள். அப்புறம் புருவ பிரஷ்ஷால் சீவிவிடுங்கள். முடி கரு கருவென்று இருந்தாலும் பென்சில் கருப்பு வேண்டாம், அடர் பழுப்பு எடுங்கள்.

ஐலைனர் இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி வரவே மாட்டேன் என்கிறது.

யாருக்குமே இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருப்பதில்லை, அதனால் அளவெடுத்த மாதிரி வராது, வர வேண்டியதும் இல்லை. கை நடுங்குவதற்கு வழி இருக்கிறது. முழங்கையை மேஜையில் ஊன்றுங்கள், சுண்டு விரலைக் கன்னத்தில் வையுங்கள். கண்ணாடியை மோவாய்க்குக் கீழே சாய்த்து வைத்து, முகத்தை நிமிர்த்தி, கண்ணை மட்டும் தாழ்த்திப் பாருங்கள், இமை தானாக விரிந்து கொடுக்கும். தோலைப் பக்கவாட்டில் இழுத்து வரைந்தால், கையை விட்டதும் கோடு சுருங்கிக் கோணலாகும். ஒரே இழுப்பில் போடாமல், இமை முடியின் வேரை ஒட்டி மூன்று நான்கு புள்ளிகள் வைத்து, அவற்றைச் சேர்த்துக்கொண்டே போங்கள். வால் இழுப்பதாக இருந்தால் நேராகப் பார்த்தபடி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கீழ் இமை எந்தச் சாய்வில் முடிகிறதோ அதே சாய்வில் சின்னதாக. இரண்டு பக்கமும் வாலை முதலில் போட்டுவிட்டு, நேராக நின்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் மற்றதை நிரப்பினால் வித்தியாசம் குறையும். பிசகினால் காட்டன் பட்ஸில், மேக்கப் கலைக்கும் மைசெல்லார் வாட்டர் தொட்டு ஓரத்தைச் சீவிவிடுங்கள்.

பழுப்பு ஐ ஷேடோவை மெல்லிய பிரஷ்ஷால் இமை ஓரத்தில் தடவுவது இதையெல்லாம் விட எளிது. புதிதாகப் பழகுகிறவர்கள் அதில் தொடங்குங்கள்.

காஜல் கொஞ்ச நேரத்தில் கீழே வழிந்துவிடுகிறது.

இமை விளிம்பிலேயே எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன, கண்ணீரின் ஈரமும் சேருகிறது, அதனால் உள் விளிம்பில் எதுவும் நாள் முழுக்க நிற்காது. கண்ணுக்குக் கீழே இருக்கும் மாய்ஸ்சரைசரையும் கன்சீலரையும் முதலில் ஒற்றி எடுத்து லேசாகப் பவுடர் போடுங்கள். காஜலை வெளிமூலையிலிருந்து பாதி தூரம் மட்டும் போட்டு, அதன் மேல் அதே நிறத்து ஐ ஷேடோவைச் சின்ன பிரஷ்ஷால் அழுத்துங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

என்ன சேர்த்திருக்கிறார்கள் என்றே அச்சிடாத கண் மையை வாங்காதீர்கள். பழைய முறையில் கனிமப் பொடியால் செய்யும் சில மைகளில் ஈயம் இருக்கும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் அந்த வகை மையை அழகுசாதன நிறப்பொருளாக அனுமதிப்பதே இல்லை. குழந்தைகள் கண்ணில் போடவே வேண்டாம்.

மஸ்காரா?

வேரில் வைத்து இடமும் வலமும் லேசாக அசைத்து மேலே இழுங்கள், இரண்டாவது முறை காய்வதற்கு முன் போடுங்கள். குழாய்க்குள் பிரஷ்ஷைக் குத்திக் குத்தி எடுக்காதீர்கள், காற்று போய்க் காய்ந்துவிடும். திறந்து மூன்று மாதமானால் தூக்கிப் போட்டுவிடுங்கள். எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் மஸ்காராவை, காஜலைக் கொடுத்து வாங்காதீர்கள்; கண் நோய் அப்படித்தான் பரவும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸை முதலில் போட்டுவிட்டு மேக்கப் தொடங்குங்கள், இரவில் லென்ஸைக் கழற்றிவிட்டு மேக்கப்பைக் கலையுங்கள்.

மூக்குக் கண்ணாடி போடுகிறேன், ஏதாவது மாற்ற வேண்டுமா?

கிட்டப்பார்வைக் கண்ணாடி, அதாவது தூரத்தில் இருப்பது தெரியாதவர்கள் போடுவது, கண்ணைச் சின்னதாகக் காட்டும், எனவே ஐலைனர் மெல்லிசாக, மஸ்காரா நன்றாக. தூரப்பார்வைக் கண்ணாடி, அதாவது கிட்டத்தில் இருப்பது தெரியாதவர்கள் போடுவது, பெரிதாக்கிக் காட்டும், கட்டி கட்டியாக நிற்கும் மஸ்காராவையும் சேர்த்துத்தான். மூக்கில் கண்ணாடி உட்காருகிற இடத்தில் ஃபவுண்டேஷன் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, கழற்றும்போது வெள்ளைத் தடம் தெரியாது.

லிப்ஸ்டிக் சாப்பிட்டதும் போய்விடுகிறது.

லிப் பாமைத் துடைத்துவிட்டு, லிப் லைனரால் ஓரம் மட்டுமில்லாமல் உதடு முழுக்க நிரப்புங்கள். லிப்ஸ்டிக் ஒரு அடுக்கு, டிஷ்யூவை உதட்டில் வைத்து ஒற்றுங்கள், டிஷ்யூவின் ஒரே ஒரு மெல்லிய தாளை உதட்டின் மேல் பிடித்து அதற்கு மேலே பவுடரைத் தட்டுங்கள், பிறகு இன்னொரு அடுக்கு. கடைசியில் சுத்தமான விரலை உதட்டுக்கு நடுவில் வைத்து வாயை மூடி வெளியே இழுங்கள், பல்லில் ஒட்டவிருந்தது விரலோடு வந்துவிடும்.

மதியத்துக்குள் முகம் எண்ணெய் வடிகிறது, திரும்பத் திரும்ப காம்பாக்ட் போடலாமா?

எண்ணெய் மேல் பவுடர் போட்டால் சேறாகும். டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஒற்றிய பிறகும் மினுங்கினால் மட்டும் அந்த இடத்தில் கொஞ்சம் பவுடர்.

பத்து நிமிடம்தான் இருக்கிறது, எதை விடுவது?

முழு ஃபவுண்டேஷனை விட்டுவிடுங்கள். சன்ஸ்கிரீன், தேவையான இடத்தில் கன்சீலர், புருவம், மஸ்காரா. லிப்ஸ்டிக்கையே விரலால் கன்னத்திலும் தொட்டுக் கலந்துவிடுங்கள், உதடும் கன்னமும் ஒரே நிறமாக இருந்தால் முகம் பார்த்துப் பார்த்துச் செய்தது போல இருக்கும். உண்மையைச் சொன்னால் நான் வாரத்தில் ஐந்து நாள் இவ்வளவுதான்.

புதுப் பொருள் ஒத்துக்கொள்ளுமா என்று எப்படித் தெரியும்? எவ்வளவு நாள் வைத்திருக்கலாம்?

முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு சின்ன இடத்தில் தினமும் இரண்டு முறை, ஒரு வாரம் பத்து நாள் தடவிப் பாருங்கள். ஒரு நாளில் தெரியாத ஒவ்வாமை சில நாள் கழித்துத் தெரியலாம். அரிப்பு, சிவப்பு, தடிப்பு வந்தால் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். முக்கியமான நாளன்று காலையில் புதுப் பொருளைத் திறக்கவே கூடாது. டப்பாவின் பின்னால் மூடி திறந்த ஜாடி மாதிரி ஒரு சின்னப் படத்தில் 6 அல்லது 12 என்று இருக்கும், திறந்ததிலிருந்து அத்தனை மாதம் என்று அர்த்தம். திறந்த தேதியை அடியில் பேனாவால் எழுதி வையுங்கள். வாசனையோ நிறமோ மாறிவிட்டால் மாதக் கணக்குப் பார்க்காமல் தூக்கிப் போடுங்கள்.

பிரஷ்ஷை எத்தனை நாளுக்கு ஒரு முறை கழுவ வேண்டும்?

ஃபவுண்டேஷன், கன்சீலர் பிரஷ்ஷை வாரம் ஒரு முறை. ஸ்பாஞ்சை ஒவ்வொரு முறையும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான ஷாம்பூ, உள்ளங்கையில் வட்டமாகச் சுழற்றுங்கள். முடியும் கைப்பிடியும் சேருகிற உலோகப் பகுதிக்குள் தண்ணீர் போனால் பசை விட்டு முடி கொட்டும், எனவே பிரஷ்ஷின் முனையைக் கீழ்நோக்கியே பிடித்துக் கழுவி, படுக்க வைத்துக் காய விடுங்கள். ஈர ஸ்பாஞ்சை மூடிய டப்பாவில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

இரவில் சும்மா முகம் கழுவினால் போதாதா?

போதாது. சன்ஸ்கிரீனும் நீடித்து நிற்கும் மேக்கப்பும் தண்ணீருக்குப் போகாமல் இருப்பதற்காகவே செய்யப்பட்டவை, எண்ணெயில்தான் கரையும். உலர்ந்த முகத்தில், உலர்ந்த கையால் க்ளென்சிங் ஆயில் அல்லது பாம் எடுத்து ஒரு நிமிடம் மெதுவாகத் தடவுங்கள், கொஞ்சம் தண்ணீர் சேர்த்தால் பால் மாதிரி வெளுக்கும், கழுவிவிட்டு அதன் பிறகு வழக்கமான ஃபேஸ் வாஷ். கண்ணைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். பஞ்சில் ரிமூவரை நனைத்து, மூடிய இமை மேல் வைத்து, மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். பஞ்சைக் கீழ்நோக்கி ஒரே ஒரு முறை இழுத்தால் மஸ்காரா மொத்தமும் அதிலேயே வந்துவிடும். இமை ஓரத்தில் மிச்சமிருப்பதைக் காட்டன் பட்ஸால் எடுங்கள். எவ்வளவு அசதியாக வந்தாலும் இந்த மூன்று நிமிடத்தை நான் விடுவதில்லை, அடுத்த நாள் காலையில் மாய்ஸ்சரைசர் போடும்போது தோல் எப்படி இருக்கிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும்.